சிலுவை போட்ட செப்புக்காசு: வாசகர் கேள்வி – பதில்

விசைத்தறி உரிமையாளர், சாமளாபுரம்

கேள்வி: பாட்டியின் சுருக்குப்பையில் சிலுவை போட்ட ஒரு சின்னக் காசு கிடைத்தது. ரோமானியக் காசாக இருக்குமா?

பதில்: முதலில் வடிவத்தைப் பாருங்கள். சதுரமாக இருந்தால் ரோமை மறந்துவிட்டுச் சேரரை நினையுங்கள். சங்க காலச் சேரர் செப்புக்காசுகள் பெரும்பாலும் சதுரம். கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டு ரோமானிய வெண்கலக் காசுகள் வட்டம். பல சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். முன்பக்கம் முத்துப் பட்டம் கட்டிய அரசன் தலையும் சுற்றிலும் லத்தீன் எழுத்தும் தெரிந்தால், நம்பிக்கையோடு திருப்பிப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவி, சோமனூர்

கேள்வி: பின்பக்கம் சிலுவையைத் தவிர வேறு கிறிஸ்தவச் சின்னம் வருமா?

பதில்: 'கை-ரோ' வரும். கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளைப் பின்னிய குறி அது. பெருக்கல் குறியின் நடுவே ஒரு கோடு நிற்கும். உச்சியில் வலப்பக்கம் சின்ன வளையம் இருக்கும். வளையம் இல்லையென்றால் அது வெறும் நட்சத்திரமாகவும் இருக்கலாம். மாக்னென்டியஸ் என்ற ரோமானிய அரசர் கி.பி. 353 வாக்கில் இந்தக் குறியைப் பின்பக்கம் முழுக்கப் பெரிதாகப் போட்டார். 380-களில் தொடங்கிய இன்னொரு வகையில் இறக்கை முளைத்த வெற்றித் தேவதை கைதி ஒருவனை இழுத்துப் போவாள்; குறி அவளுக்கு முன்னால் சிறிதாக நிற்கும். பழைய தேவதையும் புதிய சமயமும் ஒரே காசில்! பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில் மலர்வளையத்துக்குள் சிலுவை மட்டும் நின்றது.

ஆசிரியை, மங்கலம்

கேள்வி: அப்படியானால் அன்றே கொங்கு நாட்டில் கிறிஸ்தவர்கள் இருந்தார்களா?

பதில்: காசிலுள்ள சின்னம் அதை அடித்த அரசின் சமயத்தைச் சொல்லும், மடியில் முடிந்தவரின் சமயத்தைச் சொல்லாது. அதற்கு வேறு சான்று வேண்டும்.

பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்

கேள்வி: ரோம் எங்கே, நொய்யல் எங்கே?

பதில்: நடுவில் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே! மேலைக் கடற்கரைச் சரக்கு அதன் வழியே நொய்யலை ஒட்டிக் கிழக்கே போனது. அந்த வழியிலுள்ள வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அதே வழியிலுள்ள கொடுமணலில் கல்மணியும் இரும்பும் செய்தார்கள். சிலுவைக் காலத்துச் செப்புக்காசுகளைக் கரூர் அமராவதி ஆற்றுமணல் நிறையக் கொடுத்திருக்கிறது. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளைத் தொகுத்து 1994-இல் தனி நூலே எழுதினார். வெள்ளிப் புதையல்களின் காலம் முடிந்தும் தொடர்பு அறவே அற்றுப்போகவில்லை என்பதற்கு இந்தப் பொடிக்காசுகளே சாட்சி.

வாசகர், பல்லடம்

கேள்வி: எழுத்துக்குப் பதில் கோடுகள்தான் தெரிகின்றன. போலியா?

பதில்: அவசரப்பட்டு வீசிவிடாதீர்கள். இலங்கையில் இத்தகைய ரோமானியக் காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றைப் பார்த்து அங்கேயே அடித்த பழங்காசுகளும் உண்டு. அவற்றில் எழுத்துக்குப் பதில் வெறும் கோடுகள்தான் இருக்கும். அதுவும் வரலாறுதான்.

இல்லத்தரசி, சாமளாபுரம்

கேள்வி: புளி போட்டுத் துலக்கலாமா? விற்கலாமா?

பதில்: புளி பித்தளைக் குடத்துக்கு நல்லது, பழங்காசுக்கு எமன். களிம்போடு எழுத்தும் போய்விடும். பழங்காசு விற்பனைக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மண்ணில் கிடைத்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். கிடைத்த இடம் தெரியாத காசு பாதி ஊமை. ஆகவே கழுவாமல், கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி ஒரு காகித உறையில் போட்டு, தொல்லியல் துறையிடம் காட்டுங்கள்.