பிளைவுட்டில் ஒரு பந்தயக் கார்

கேள்வி: அதிகம் செலவழிக்காமல் வீட்டிலேயே கார் பந்தய விளையாட்டுக்கு ஒரு காக்பிட் செய்ய முடியுமா?
(கல்லூரி மாணவர், எப்போதும்வென்றான்)

பதில்: தாராளமாக! காசை ஸ்டீயரிங்குக்கும் பெடலுக்கும் எடுத்து வையுங்கள். மற்றதைக் கோவில்பட்டிப் பக்கம் பழைய இரும்புக் கடையிலும் மரக்கடையிலும் தேடுங்கள். உருளும் நாற்காலி மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக்கை மிதித்தால் கார்தான் நிற்க வேண்டும். நீங்கள் பின்னால் ஓடிப்போய்ச் சுவரில் முட்டக் கூடாது. பழைய மாருதி 800 சீட்டை, அது முன்பின் நகரும் ரெயிலோடு சேர்த்தே வாங்குங்கள். சீட்டையும் பெடலையும் ஒரே 18 மி.மீ. பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால், மிதிக்கிற விசை பலகைக்குள்ளேயே அடங்கிவிடும். பிவிசி பைப் மலிவுதான். ஆனால் ஸ்டீயரிங் எதிர்த்துத் திமிறும்போது நெளியும். திரை, ஸ்டீயரிங்குக்கு நேர் பின்னால் கண் மட்டத்தில் இருக்கட்டும்.

வீட்டில் திட்டினால் ஜான் மார்டன்பரோவின் கதையைச் சொல்லுங்கள். 2011-ல் ‘கிரான் டுரிஸ்மோ’ விளையாட்டு வழியே நடந்த ஜிடி அகாடமி போட்டியில் வென்ற பிரிட்டன் இளைஞர் அவர். 2013-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் நிஜக் காரே ஓட்டினார். அப்படியும் மசியவில்லையா? அம்மாவை உட்கார வைத்து முதல் சுற்றை ஓட்டச் சொல்லுங்கள். கரண்ட் பில்லைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.