பணி நிறைவு விழா விசாரணை

உத்தியோகத்தில் சேருகிறவனுக்கு ஒரு வெற்றிலைப் பாக்குகூட வைக்காத சமூகம், அவன் விலகும்போது மட்டும் மாலையும் மேளமும் ஏற்பாடு செய்வதன் தாத்பரியம் யாது என்று சாஸ்திரோக்தமாக ஆராயப் புகுவோர்க்கு, நெய்வேலி நகரியத்தைக் காட்டிலும் சிரேஷ்டமான க்ஷேத்திரம் கிடைப்பது அரிது. 1956-ஆம் ஆண்டு நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, மறு ஆண்டு மே மாதத்தில் ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடக்கி வைத்த காலந்தொட்டு, அந்நகரியத்தில் வீடு என்பது வேலையின் ஓர் அங்கமாகவே இருந்து வருகிறது. ஆகவே அங்கே ஒருவர் ஓய்வு பெறுவது ஊரையும் சேர்த்து விடைபெறுவதாகும்.

முதலாவது, முகூர்த்தம். இதில் சோதிடருக்கு வேலையில்லை. அறுபது வயது பூர்த்தியாகும் மாதத்தின் கடைசி நாளே ஓய்வு நாள் என்றும், ஒன்றாம் தேதி பிறந்த பாக்கியவான் முந்திய மாதத்தின் கடைசி நாளிலேயே விலக வேண்டும் என்றும் விதி உண்டு. இனி, மே மாத இறுதியில் ஏன் ஒரே பிரிவில் மூன்று நான்கு விழாக்கள் மோதிக்கொண்டு, ஒரே பந்தற்காரரை நான்கு பேர் துரத்துகிறார்கள் என்று வினவினால், அதற்குப் பொறுப்பாளி ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய பள்ளித் தலைமையாசிரியரே ஆவார்; ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கையில் பையனுக்கு ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டுமே என்ற கருணையால், தாயார் சொன்ன ஐப்பசி மழைக் காலத்தை ஒதுக்கிவிட்டு, அவர் தம் பேனாவினாலேயே அவனை மே மாதத்தில் பிறப்பித்து வைத்தார்.

இரண்டாவது, வசூல். வெள்ளைத் தாளில் பெயர்களை வரிசையாக எழுதி, தொகைக்கு மட்டும் இடம் விட்டுச் சுற்றுக்கு அனுப்புவது வழக்கம். முதலில் கையொப்பமிடுபவர் எழுதும் தொகையே பின்னவர்க்குப் பிரமாணமாகிவிடுவதால், தாளை முதலில் யாரிடம் நீட்டுவது என்பதிலேதான் அமைப்பாளரின் மேதை புலப்படும். அதிகாரியிடம் நீட்டுவது பாமரத்தனம். அவர் சிக்கனக்காரராயின் காரியம் கெட்டது. அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ ஓய்வு பெறவிருப்பவரிடம் நீட்டுவதே அநுபவசாலிகளின் மார்க்கம். அவர் எழுதுவது கொடை அன்று, முதலீடு. இத்தாளில் ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர் இராது. அவருக்கும் அறுபது வயது வருகிறது. ஆயினும் விழாவுக்கு நாற்காலி அடுக்குவதோடு அவருடைய சம்பந்தம் முடிந்துவிடுகிறது. இதற்கு நியாயம் கற்பிக்க இந்தச் சாஸ்திரத்தால் ஆகவில்லை.

மூன்றாவதும் முதன்மையானதும் வாழ்த்துரை. நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியைக் காண, பக்கெட் வீல் இயந்திரங்கள் ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேல்மண்ணை அகற்றியாக வேண்டும். வாழ்த்துரையின் விகிதமும் ஏறத்தாழ இதுவே. ‘இன்முகம் மாறாதவர்’, ‘கடமையே கண்ணானவர்’, ‘அவருக்கு ஓய்வே கிடையாது’ என்பன போன்ற மேல்மண்ணெல்லாம் சரிந்து தீர்ந்த பிற்பாடு, கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, “பெல்ட் அறுந்த அன்னைக்கு ராத்திரி, ‘நீ ஆஸ்பத்திரிக்குப் போடா, உன் பொண்டாட்டியைப் பாரு’ன்னு என்னை அனுப்பிச்சுட்டு, என் ஷிஃப்டையும் அண்ணன்தான் பார்த்தாரு” என்று சொல்லி, மேலே சொல்ல இயலாமல் இறங்கிவிடுகிறாரே, அதுதான் நிலக்கரி. அந்நிலக்கரிப் படுகைக்கும் கீழே பேரழுத்தத்துடன் நீர் நிற்கிறது என்பதும், அதை ஓயாமல் இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தளமே பிளந்துவிடும் என்பதும் அவ்வூரார் அறிந்த செய்திகள். ஏற்புரையின் நடுவே, விழா நாயகர் தொண்டையைச் செருமும் அதே கணத்தில், லட்டும் மிக்சரும் அடங்கிய பொட்டலங்களைச் சலசலக்க விநியோகிக்கும் சம்பிரதாயம் எதற்காக ஏற்பட்டது என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

பொன்னாடையைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை; ஒருவர் போர்த்தியதை மற்றொருவருக்குப் போர்த்தலாம் என்பது தவிர. ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. சோவியத் நாட்டின் உதவியோடு எழும்பி, 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையமும் 2020-இல், ஐம்பத்தெட்டு ஆண்டுச் சேவைக்குப் பின், ஓய்வு பெற்றுவிட்டது. மத்திய அரசு 1998-இல் ஓய்வு வயதை அறுபதாக உயர்த்தியதை அந்நிலையத்துக்கு ஒருவரும் தெரிவிக்கவில்லை போலும். அதற்குப் பொன்னாடை போர்த்தலாமென்றால், புகைபோக்கிக்குத் தோள் எது?

நிற்க, விழாவில் உரக்கக் கைதட்டுபவர் யார் என்பதைக் கவனித்தல் ஆராய்ச்சியாளரின் கடமை. அவர் பெரும்பாலும் நாயகரின் ஆருயிர் நண்பராய் இருப்பதில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சில மாத அவகாசமே உண்டு என்பதையும், அது எந்த வட்டத்தில், எந்தத் தெருவில், எத்தனை அறைகளோடு இருக்கிறது என்பதையும் நன்கு விசாரித்து வைத்திருப்பவர் அவர். நாயகரை மேளத்தோடு வீடுவரை கொண்டுவிடும் ஊர்வலத்தில் அவரே முன்னால் நடப்பார், ஆரத்தி எடுத்து முடியும்வரை பக்தி சிரத்தையோடு காத்திருப்பார், பிறகு கொல்லைப்பக்கம் ஒரு பார்வை செலுத்திவிட்டு, வீட்டு அம்மாளிடம் மெல்ல, “பலா வருஷத்துக்கு எத்தனை காய் பிடிக்குதுங்க, அக்கா?” என்பார்.