ஸ்கோர் அங்கிள்

பினாங்கு தாவரவியல் பூங்காவில் விடிகாலையில் நடப்பவர்கள் இரண்டு சாதி: குரங்குக்குப் பயந்து வேகமாக நடப்பவர்கள், கொழுப்புக்குப் பயந்து வேகமாக நடப்பவர்கள். ஸ்கோர் அங்கிள் இரண்டாவது சாதிக்குத் தலைவர். இவரைப் போன்றவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீர்மலைப் படியடியில் ஒருவர், லிட்டில் இந்தியா தேத்தண்ணிக் கடையில் ஒருவர் என்று கட்டாயம் இருப்பார்.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற ஊரில் இவர் "எவ்வளவு?" என்று கேட்பார். சம்பளத்தை அல்ல, இதய ரத்தக் குழாயில் படிந்த சுண்ணாம்பை.

"எனக்கு 186. நீ இன்னும் ஸ்கேன் எடுக்கலையா தம்பி? என்ன லா நீ!"

ஆர்டர் செய்த தே தாரிக் குராங் மானிஸ் வருவதற்குள் டிஷ்யூ தாளில் இதயம் வரைந்துவிடுவார். 1990-ல் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் போட்ட கணக்குதான் இந்த ஸ்கோர். சி.டி. படத்தில் வெள்ளையாகத் தெரிகிற புள்ளிகளின் பரப்பை அளந்து, அடர்த்திக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு வரை பெருக்கிக் கூட்டினால் மார்க். (அதே அகாட்ஸ்டன்தான் பின்னாளில் 'சவுத் பீச் டயட்' எழுதினார். இதை அங்கிளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். மிச்சமிருக்கிற சோறும் போய்விடும்.)

இந்த மார்க்கை வைத்து நடைக்கூட்டத்தில் வரிசையும் உண்டு. நானூறைத் தாண்டியவர் வந்தால் பெஞ்சில் எழுந்து இடம் விடுகிறார்கள். நூறுக்குக் கீழே இருப்பவர் பேச்சில் குறுக்கிடக் கூடாது. பூஜ்ஜியம் வாங்கிய ஒருவர் அன்றைக்கே நாசி கண்டார் கடைக்குப் போய் எல்லாக் குழம்பையும் கலந்து 'பஞ்சிர்' ஊற்றச் சொன்னார். சுண்ணாம்பு ஏறாத இளங்கொழுப்பு அந்தப் படத்தில் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆட்டிறைச்சி அவ்வளவு மணமாக இருந்தது.

186-ஐ வைத்துக்கொண்டு அங்கிள் செய்தது என்ன? கடைக்குப் போனார். மீன் எண்ணெய், கே-டூ, கோ-கியூ-டென், பட்டைத்தூள், மஞ்சள் மாத்திரை, தேனில் ஊறிய பூண்டு. பை நடக்கும்போது கிலுகிலுப்பைபோலச் சத்தம் போடும். குரங்குகள் பின்னாலேயே வரும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்தால் டாக்டரையும் பார்த்து மருந்தும் வாங்கிவிடலாம். அங்கே எழுதித் தந்த, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மட்டும் தொடமாட்டார்.

"அது கெமிக்கல் லா. நான் சீனன் மருந்துக்கடை சிவப்பரிசி சாப்பிடுறேன். இயற்கை!"

அந்தச் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருக்கிற மொனாக்கோலின்-கே என்பது லோவஸ்டாட்டினேதான். 1987-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற அதே சரக்கு. பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவு மாறும் என்பதுதான் இயற்கையின் விசேஷம். போதாததற்கு, 2022-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பரிசி ஆறையும் ஒரு சின்ன ரோசுவஸ்டாட்டினோடு 28 நாள் மோதவிட்டார்கள். மாத்திரை கெட்ட கொழுப்பை ஏறக்குறைய 38 சதவீதம் இறக்கியது. மற்றவை வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. பூண்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் ஏறியே இருந்தது. நம் ரசத்துக்கு நேர்ந்த அவமானம் என்று நானே இரண்டு நாள் வருந்தினேன்.

அங்கிள் அசரவில்லை. "ஸ்டாட்டின் போட்டா ஸ்கோர் ஏறுமாம், தெரியுமா?" என்றார். உண்மைதான். ஈர சிமெண்ட் காய்ந்து இறுகுவதுபோல, வெடிக்கக்கூடிய கொழுப்பு கெட்டிப்பட்டு அடங்குகிறபோது எண் கூடலாம். அதனால்தான் மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்வதில்லை, ரத்தத்தைச் சோதிக்கிறார்கள். இதை நான் சொன்னபோது அங்கிள் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மகள்தான் வழிக்குக் கொண்டுவந்தாள். தினமும் ராத்திரி எதிரே நின்று, ஸ்டாட்டினை விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னாளாம். மூன்று மாதம் கழித்து ரத்தச் சோதனை: கெட்ட கொழுப்பு 4.2-லிருந்து 2.3.

நேற்றுக் காலை ரிப்போர்ட்டை விரித்துக் காட்டினார். முகத்தில் தைப்பூசக் களை.

"பார்த்தியா தம்பி? பூண்டு!"

எனக்கும் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார்.