ஐயாவின் திருவடி நிழலில் நான்கு வாரம்

சென்னை உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் கலங்கரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 1977-ல் அந்தப் பொறுப்பு மெரினாவுக்குப் போய்விட்டது. விளக்கு போனபின் இந்த வளாகத்தில் வழிகாட்ட யார் இருக்கிறார்கள் என்று ஏங்குவோர் எவரேனும் இருந்தால், அவர்கள் ஏக்கத்தை விட்டுத் தம்புச் செட்டித் தெருவுக்கு வரட்டும். அங்கே ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எழுந்தருளியிருக்கிறார் எங்கள் சீனியர் ஐயா அவர்கள். நீதித் தாயின் தவப்புதல்வர், வாதத்தில் மதயானை, கருணையில் கார்மேகம். அன்னாரின் திருவடி நிழலில் நான்கு வாரம் இன்டர்னாகக் கிடந்து உய்ந்தவன் அடியேன்.

அவருடைய திருநாமத்தை இங்கே எழுதத் துணியமாட்டேன். நான்கு வாரமும் என் பெயரைச் சொல்லி அவர் தம் நாவை வருத்திக்கொண்டதில்லை. அப்படியிருக்க, அவர் பெயரைச் சொல்லி என் நாவை நான் உயர்த்திக்கொள்வது மரியாதை ஆகாது.

இந்தப் பேறு எளிதில் கிட்டியதன்று. முதலில் நான் அறியாமையால் மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து முறை. மதிப்பெண் பட்டியல், மூட் கோர்ட்டில் வாங்கிய பரிசு, எழுதிய கட்டுரை எல்லாம் இணைத்திருந்தேன். இத்தகைய அற்பங்களைக் கண்டு ஐயா மயங்கவில்லை. பிறகு என் மாமாவுக்குத் தெரிந்த ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் சம்பந்தி ஒரு வார்த்தை சொன்னார். அன்று சாயங்காலமே "வரச் சொல்லுங்க" என்று திருவாய் மலர்ந்தார். மதிப்பெண்ணை எந்தப் பிள்ளையும் ராத்திரி கண் விழித்துச் சம்பாதித்துவிடும். சம்பந்தியைச் சம்பாதிக்க முன்ஜென்மப் புண்ணியம் வேண்டாமா? தகுதியை அளக்கும் அந்தத் தராசின் துல்லியத்தை இன்றும் வியக்கிறேன்.

ஐந்தாண்டுச் சட்டம் படிப்பவன் 20 வாரமும், மூன்றாண்டு படிப்பவன் 12 வாரமும் இப்படிப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு விதிகள். ஒரே தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. அந்த வரம்பு எனக்கு முதலில் குறையாகப் பட்டது. ஐயாவிடம் சேர்ந்த இரண்டாம் நாளே விதி வகுத்தவர்களின் தாயுள்ளம் விளங்கிவிட்டது.

உடுப்புக்கும் விதி உண்டு. கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ. ஜூன் மாதத்துச் சென்னையில் பாரிமுனையிலிருந்து இவற்றோடு நடந்து வருபவனுக்கு, வழக்கில் தோற்றவன் படும் வேதனை என்ன என்பதைத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்த உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் தி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து முன்னேறியவர் என்பார்கள். உள்ளே அவருடைய சிலை வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறது. பாவம், அவருக்கு எங்கள் ஐயாவைப் போல ஒரு சீனியர் வாய்க்கவில்லை போலும். படிக்க நேரம் இருந்திருக்கிறது.

என் பயிற்சி முதல் நாள் பத்து மணிக்குத் தொடங்கியது. "தம்பி, கீழ போய் நாலு டீ சொல்லிட்டு வா. ஒண்ணு சர்க்கரை இல்லாம." சட்டக் கல்வியின் உயிர்நாடி நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்தறிவது என்று வகுப்பில் சொல்வார்கள். கொலைக்கும், கொலையாகாத மரணத்தை விளைவிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் மூன்று வருஷமாகப் படித்தும் சரியாகப் பிடித்ததில்லை. சர்க்கரை போட்ட கிளாசையும் போடாத கிளாசையும் நிறத்தை வைத்தே பிரிக்க ஐயா எனக்கு ஒரு வாரத்தில் கற்றுத் தந்துவிட்டார். இப்படிக் கற்பிக்க எந்தப் பேராசிரியரால் முடியும்?

அடுத்த பாடம் நடை. ஐயா நீதிமன்றத்துக்குள் போகும்போது அவருடைய கவுனைக் கையில் ஏந்தி, தோளில் கட்டுப்பையோடு மூன்றடி பின்னால் வர வேண்டும். இரண்டடி என்றால் அகம்பாவம். நாலடி என்றால் அலட்சியம். நீதிபதிக்கு முன்னே டவாலி, ஐயாவுக்குப் பின்னே அடியேன். இவை போக, அலுவலகக் கரண்டு பில், ஐயாவின் மகனுடைய கோச்சிங் சென்டரில் கட்டணம் கட்டும் வரிசை, காரை நிழலுக்கு மாற்ற டிரைவரைத் தேடுவது எனச் சட்டத்தின் பல பிரிவுகளிலும் எனக்குப் பரந்த அனுபவம் கிடைத்தது. உட்கார நாற்காலி மட்டும் இல்லை. உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று ஐயாவுக்குத் தெரியும்.

அந்த அலுவலகத்தில் ஒரே ஒரு களங்கம் உண்டு. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே முப்பது வருஷமாக இருக்கும் குமாஸ்தா அண்ணன் சற்றும் ஒழுங்கில்லாத மனிதர். யாரும் கேட்காமலேயே கற்றுக்கொடுத்துவிடுவார். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, கோணூசியில் நூல் கோத்துக் கட்டு தைப்பது எப்படி, வக்காலத்தில் வெல்ஃபேர் ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது, செக்‌ஷனில் மனுவை எதற்கெல்லாம் ரிட்டர்ன் போடுவார்கள், அதைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்வது எப்படி என்று ஒரு மணி நேரம் வீணடித்தார். "பக்க எண் விட்டுப்போனா கேஸே விட்டுப்போன மாதிரி தம்பி" என்று வேறு சொன்னார். போதாக்குறைக்கு அவருடைய டிபன் பாக்ஸிலிருந்து பாதிச் சோற்றையும் என் பக்கம் தள்ளினார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டும் அலுவலகத்தின் மரபைக் கட்டிக்காக்கிறாரே, அதுதான் ஐயாவின் பெருமை.

இரண்டாம் வாரத்தில் நான் கண்ட காட்சியைச் சொல்லாமல் விட்டால் என் பிறவி வீண். ஐயா தொழிலாளர் வழக்குகளில் பெயர் பெற்றவர். ஒரு நகராட்சியின் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டு அன்று வாதம். 1982-ல் உச்ச நீதிமன்றம் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் சொன்ன தீர்ப்பு வேண்டும் என்றார். குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து ஒருவனிடம் வேலை வாங்குவது கட்டாய உழைப்பு. அது அரசமைப்பின் 23-ம் பிரிவுக்கு விரோதம் என்று சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு அது. "மூணு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு ஓடி வா தம்பி" என்றார். ஓடினேன். 134 ரூபாய் ஆயிற்று. ஐயா சில்லறை விஷயங்களில் கவனத்தைச் சிதறவிடுவதில்லை என்பதால் என் சட்டைப்பையே அந்த வழக்கில் ஓர் எளிய பங்காற்றியது.

அன்று ஐயா வாதாடியதைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். வறுமையால் மனிதன் எதற்கும் சம்மதிக்கிறான். அந்தச் சம்மதத்தைச் சம்மதம் என்று கொள்ளலாமா என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. பின்வரிசையில் ஜூனியர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஐயாவிடம் நாலு வருஷமாக இருக்கிறார். மாதாமாதம் பெட்ரோலுக்கென்று ஏதோ கொடுப்பார்கள்; வண்டி பாதி மாதம் வரை ஓடும்.

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் தரப்பட வேண்டும் என்று இதே உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. ஐயா நீதிமன்றத்தின் மீது கொண்ட பக்தி அளவிடற்கரியது. எனவே அந்த உத்தரவைத் தொட்டுக் கறைப்படுத்தவில்லை. தொட்டால்தானே கறைபடும்? "நான் என் சீனியர்கிட்ட சேர்ந்தப்போ எனக்கு யார் குடுத்தா? கத்துக்கிறதுக்கு நீங்கதான் எனக்குக் குடுக்கணும்" என்று அவர் சிரித்தபடி அருளியபோது, தான் பட்ட கஷ்டத்தை ஒரு துளியும் சிந்தாமல் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றிக் கொடுக்கும் அந்தப் பாரம்பரியப் பற்றுக்கு முன் ஜூனியர் அண்ணன் வாயடைத்து நின்றார். நாங்கள் இன்டர்ன்கள் அந்த உத்தரவில் எங்குமே இல்லை. பணத்துக்கு அப்பாற்பட்ட உயர்ந்த பிறவிகள் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டோம்.

என்னோடு இன்னொரு இன்டர்னும் இருந்தார். என்னைவிடக் கெட்டிக்காரி, ஒரு ரிட் மனுவைத் தானாகவே டிராஃப்ட் செய்து கொண்டுவந்து காட்டினார். ஐயா அதைத் திறந்து பார்க்கும் அவமரியாதையைச் செய்யவில்லை. "கல்யாணம் எப்பம்மா? ஃபேமிலி கோர்ட் பாரு, லேடீஸுக்கு அதுதான் செட் ஆகும்" என்று தந்தையாய் நின்று வழிகாட்டினார். கட்சிக்காரர்கள் வந்தால் ஸ்வீட் தட்டு எடுத்து வைக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். மனு இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. அதன்மேல்தான் தட்டு வைப்பார்கள்.

மூன்றாம் வாரம். எங்கள் வழக்கு பட்டியலில் 47-வது. கோர்ட் ஹாலுக்குள் நின்று ஐட்டம் நம்பர் பார்த்துச் சொல்வது என் வேலை. "31 போகுது அண்ணா", "38 போகுது அண்ணா" என்று ஜூனியர் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். 47 அழைத்தார்கள். ஜூனியர் அண்ணன் எழுந்து, சீனியர் வேறொரு கோர்ட்டில் வாதத்தில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும் என்று தலை வணங்கினார். அது பொய்யென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஐயா அந்நேரம் கேன்டீனில் இரண்டாவது காபியோடு, மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று நண்பரிடம் கடுமையாக வாதாடிக்கொண்டுதான் இருந்தார். மாலையில் வழக்கு மறுபடி வந்தபோதும் அந்த வாதம் முடியவில்லை. மூன்று வாரம் வாய்தா.

வராந்தாவில் அந்த வழக்கின் கட்சிக்காரர் நின்றிருந்தார். திருத்தணிப் பக்கத்துப் பெரியவர். கையில் மஞ்சப்பை. நிலத்தகராறு, செகண்ட் அப்பீல், பதினோரு வருஷம். விடியற்காலை ரயிலில் வந்தவர். வாய்தா தோறும் வருபவர், வரும்போதெல்லாம் மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பவர். "வக்கீல் சார், நம்ம கேஸு இன்னிக்கி என்னாச்சுங்க?" என்றார். அந்தக் கட்டடத்தில் என்னை அப்படி அழைத்த ஒரே மனிதர். இதற்குரிய பதிலை ஐயா முன்கூட்டியே எனக்கு உபதேசித்திருந்தார்: "பார்ட்டி கேட்டா, ஸ்ட்ராங்கா ஆர்க்யூ பண்ணியாச்சு, ஜட்ஜ் நோட் பண்ணிக்கிட்டார்னு சொல்லு." சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். பெரியவர் கோர்ட் ஹால் கதவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். வீட்டுக் கொல்லையில் விளைந்த வேர்க்கடலையாம், வறுத்தது. "ஐயாவுக்குக் குடுத்துடுங்க சார்."

ஐயா எண்ணெய், கடலை எதுவும் சேர்ப்பதில்லை. "நீயே சாப்பிடு தம்பி" என்று தாராளமாக அருளினார். பீச் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கூடுதல். நான்கு வாரத்தில் எனக்குக் கிடைத்த ஊதியம் அது. அதையும் கொடுத்தவர் கட்சிக்காரர்தான் என்றாலும், கொடுக்கச் சொன்னது ஐயாவின் திருவாய் அல்லவா?

கல்லூரிக்கு டைரி எழுத வேண்டும். இரண்டு வழக்குகளின் விசாரணையைக் கூர்ந்து கவனித்ததாகவும், கட்சிக்காரரோடு வக்கீல் பேசும் முறையைக் கண்டறிந்ததாகவும் ரெக்கார்டு நோட்டில் எழுதினால்தான் மார்க். ஐயா இதிலும் எங்களைக் கைவிடவில்லை. அலமாரியில் போன வருஷத்து இன்டர்னின் நோட்டு இருந்தது. அதில் அதற்கு முந்தின வருஷத்து வழக்கு இருந்தது. ஒரே வழக்கை நாங்கள் எத்தனையோ தலைமுறையாகக் கூர்ந்து கவனித்துவருகிறோம். சாட்சிகளில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று குமாஸ்தா அண்ணன் சொன்னார். நோட்டில் அவர் இன்னும் நன்றாகவே சாட்சி சொல்கிறார்.

கடைசி நாள் சான்றிதழ். "சாஃப்ட் காப்பி சிஸ்டம்ல இருக்கு, பேரை மட்டும் மாத்திப் பிரிண்ட் எடுத்துட்டு வா" என்றார். திறந்து பார்த்தேன். சட்ட ஆராய்ச்சியில் வியத்தகு ஆற்றல், டிராஃப்டிங்கில் நுட்பம், நீதிமன்ற நடைமுறையில் ஆழ்ந்த தேர்ச்சி என்று என்னைப் பற்றி எனக்கே தெரியாத செய்திகள் இருந்தன. போன வருஷம் வாங்கியவர் ஒரு பெண் போலும். 'ஷீ' எல்லாவற்றையும் 'ஹீ' ஆக்கினேன். அவசரத்தில் கடைசிப் பாராவில் ஒரு 'ஹெர்' தங்கிவிட்டது. ஐயா போனில் பேசியபடியே வாங்கி, படிக்காமல் கையெழுத்திட்டு, சீல் வைக்கச் சொன்னார். நான் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். போனை ஒரு கணம் காதிலிருந்து விலக்கி, "ஆமா, உன் பேரென்ன சொன்னே?" என்றார்.

சொன்னேன்.

"நல்ல பேரு. போறப்போ கீழ ரெண்டு டீ சொல்லிட்டுப் போ. ஒண்ணு சர்க்கரை இல்லாம."