பந்தல் பெரிது, பத்திரிகை பழசு

கேள்வி: அமெரிக்கக் கட்சிகளின் தேசிய மாநாட்டில் நிறைவேற்றும் தேர்தல் அறிக்கையை யாராவது மதிக்கிறார்களா?
- ஒரு வாசகி, கேட்டி, டெக்சாஸ்

பதில்: கட்சிகளே போதுமான அளவு மதிப்பதில்லை. 1992-இல் உங்கள் பக்கத்து ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் குடியரசுக் கட்சி பலூன் மழையே பொழிந்தது; அதே கட்சி 2020-இல் புது அறிக்கை எழுதாமல் 2016 அறிக்கையையே வைத்துக்கொண்டது. 2024-இல் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக மேடையேறியவர் கமலா ஹாரிஸ். நிறைவேறிய அறிக்கை பேசியதோ, போட்டியிலிருந்து ஏற்கெனவே விலகிவிட்ட அன்றைய அதிபர் பைடனின் இரண்டாவது ஆட்சிக்காலத்தைப் பற்றி. மணப்பெண் வேறு, பத்திரிகையில் இருந்த பெயர் வேறு!

அதற்காக அறிக்கையை ஒதுக்கிவிடாதீர்கள். டெக்சாஸில் கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் (பிரைமரி) வாக்களித்த எவரும் தன் வட்டாரக் கட்சிக் கூட்டத்தில் தீர்மானம் கொடுக்கலாம். ஏற்கப்பட்டால் மாவட்டம், மாநிலம் என்று மேலே ஏறும். 2017 ஹார்வி புயலில் பார்க்கர் நீர்த்தேக்கத்தையொட்டிய வீடுகளில் வெள்ளம் புகுந்ததை கேட்டி மறந்திருக்காது. வாக்குரிமை உள்ள நம்மவர்களே, வெள்ளத்தடுப்புக்கு ஒரு தீர்மானம் எழுதி எடுத்துப்போங்கள். கேட்காத கோரிக்கை எந்த அறிக்கையிலும் ஏறாது.