வாய் திறக்காத சம்மதம்

கேள்வி: ‘அக்வியெஸ்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு என்ன அர்த்தம்? எங்கிருந்து வந்தது?

பதில்: மனசில்லாவிட்டாலும் மறுத்துப் பேசாமல் இணங்கிப்போவது. லத்தீனில் ‘குவியெஸ்’ என்றால் ஓய்வு, அமைதி. அதிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘குவயட்’டும் இதே வீட்டுப் பிள்ளைதான்.

சர்வதேசச் சட்டத்தில் இந்த மௌனத்துக்கு விலை அதிகம். பிரே விஹார் என்ற அருமையான சிவன் கோயிலை, பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடம் கம்போடியா பக்கம் காட்டியது. 1908-ல் அந்த வரைபடம் கைக்கு வந்தும் சயாம் (இன்றைய தாய்லாந்து) ஆட்சேபிக்கவில்லை. 1930-ல் சயாம் இளவரசர் தம்ரோங் அங்கே போனார். பிரெஞ்சுக் கொடி பறக்க வரவேற்பு! அப்போதும் சயாம் மூச்சு விடவில்லை. 1962-ல் சர்வதேச நீதிமன்றம் இதையெல்லாம் எடுத்துக்காட்டி, கோயில் கம்போடியாவுக்கே என்றது. ஒரே ஒரு ஆட்சேபக் கடிதமாவது போட்டிருக்கலாம்!