கவர்னர் வீட்டுப் பந்தல்

ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு 1784-ல் ஹென்ரியெட்டாவை மணந்தார். பெண் வீட்டில் பட்டமும் வேல்ஸில் போவிஸ் கோட்டையும். மாப்பிள்ளை வீட்டில் இந்தியப் பணம். ஜோசியருக்கு வேலையே இல்லாத பொருத்தம்.

1798-ல் எட்வர்டு மதராஸ் கவர்னர். மறுவருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் சுல்தான் திப்பு மாண்டார். அவருடைய கூடாரம் போவிஸ் கோட்டைக்குக் கப்பலேறியது. வெள்ளைப் பருத்தித் துணி, கட்டத்துக்கு ஒரு பூச்சாடி, நுணுக்கமான வேலை. போவிஸில் அது தோட்ட விருந்துக்குப் பந்தலானது! நம்மூரில் பந்தல்காரர் வாடகையாவது கேட்பார்.

கூடாரத்துக்கு முன்பே நிலம் போயிருந்தது: தறி ஊரான ஜலகண்டாபுரம் இருக்கும் சேலம் சீமையைத் திப்பு 1792-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்திருந்தார். நிலத்தைச் சுருட்டிக் கப்பலில் ஏற்ற முடியாதே, வரி போட்டார்கள்.

போவிஸ் கோட்டை இப்போது பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் வசம். ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் ஒருவர் அந்தத் துணியின் இழையைப் பார்க்க நினைத்தால், விசா எடுத்து, விமானமேறி, நுழைவுச்சீட்டும் வாங்க வேண்டும்.